காதில் விழுந்ததும் தாளில் பதிந்ததும்



கம்பியில்லாத் தந்தி அட்லாண்டிக்கைத் தாண்டிய நாள் 1901 டிசம்பர் 12 என்று படித்திருப்பீர்கள். அதற்குப் பின் மூன்று மாதத்துக்குள் நடந்த ஒரு கப்பல் பயணத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

முதலில் அந்த டிசம்பர் நாளின் கதை. கடலைத் தாண்டிச் செய்தி அனுப்ப இங்கிலாந்தின் போல்டுவில் மார்க்கோனி வட்டமாக நிறுத்திய 20 கம்பங்களைச் செப்டம்பர் புயல் சாய்த்தது. அமெரிக்கக் கரையில் நட்டவையும் நவம்பரில் விழுந்தன. அவர் தளரவில்லை. போல்டுவில் அவசரமாக ஒரு வான்கம்பியைக் கட்டச் சொல்லிவிட்டு, நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். உதவிக்கு கெம்ப், பாஜெட் என்ற இருவர்.

கடும் காற்று. பட்டத்தில் கட்டிய சுமார் 500 அடிக் கம்பிதான் ஏரியல். பட்டம் ஏறி இறங்கியபோதெல்லாம் கம்பியின் மின்தன்மை மாறியது. அலைநீளத்துக்கு இசைவித்த கருவி பயன்படவில்லை. சாதாரண ஏற்பியோடு தொலைபேசிக் குழலை இணைத்துக் காதில் வைத்துக்கொண்டார். அலையை உணர்ந்த சிறு குழாயில் ஒரு துளி பாதரசம். பாதரசத்தைக் கொண்டு இத்தகைய உணர்கருவியை 1899-லேயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிக் காட்டியவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ். அதை இந்த இடத்தில் சொல்லாமல் விடுவது நன்றியாகாது.

மதியம் பன்னிரண்டரை. மூன்று புள்ளிகள், 'எஸ்' என்ற எழுத்து, கேட்டதாக மார்க்கோனி சொன்னார். கெம்பும் கேட்டார். தாளில் எதுவும் பதியவில்லை. இடி மின்னலின் சலசலப்பாக இருக்கலாம் என்று ஐயுற்றவர்கள் உண்டு. அந்த ஐயம் நியாயமானது.

அதற்கு மார்க்கோனி சொல்லால் பதில் சொல்லவில்லை. 1902 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா என்ற கப்பலில் ஏறினார். இம்முறை காகிதச் சுருளில் மை தானாகப் பதிந்தது. போல்டுவிலிருந்து முழுச் செய்திகள் 1,500 மைலுக்கு மேலும், 'எஸ்' எழுத்து 2,099 மைல் வரையிலும் வந்தன. கப்பல் தலைவர் அந்தச் சுருளில் சான்றொப்பம் இட்டார்.

அதே பயணம் இன்னொன்றையும் காட்டியது. பகலில் சுமார் 700 மைலோடு அலை ஓய்ந்தது. இரவில்தான் அவ்வளவு தூரம். வெயில் அனுப்பும் கம்பியின் மின்னேற்றத்தைக் கசியவிடுகிறது என்று மார்க்கோனி கருதினார். அது பிழை. ஆனால் பகல், இரவு அளவுகளை ஒளிக்காமல் வெளியிட்டாரே, அதுவே அறிவியலுக்கு அவர் தந்த கொடை.

போல்டுவுக்கும் சிக்னல் குன்றுக்கும் நேர்கோடு போட்டால், நடுவில் பூமி 200 கிலோமீட்டருக்கு மேல் புடைத்து நிற்கும். ஒளிபோல் நேரே செல்லும் அலை அதை எப்படிக் கடந்தது? மேலே மின்கடத்தும் அடுக்கு ஒன்று அலையைத் திருப்பி அனுப்புகிறது என்று 1902-லேயே கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே எழுதினார்கள். பகல் வெயிலில் அதன் கீழே உருவாகும் மற்றோர் அடுக்கு அலையை உறிஞ்சிவிடும். இருட்டினால் அது மறையும். மத்திய அலை ரேடியோவில் தொலைதூர நிலையங்கள் இரவில் எடுப்பது இதனால்தான்.

எழுத்தில் மட்டும் இருந்த, அலையைத் திருப்பும் அந்த அடுக்கின் உயரத்தை 1924 டிசம்பரில் ஆப்பிள்டனும் பார்னெட்டும் அளந்தார்கள். போர்ன்மவுத் பிபிசி நிலையம் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றி ஒலிபரப்ப, ஆக்ஸ்ஃபோர்டில் அலை வலிமையின் ஏற்ற இறக்கங்களை எண்ணினார்கள். நேரே வந்த அலையும் மேலே போய்த் திரும்பிய அலையும் மோதியதால் எழுந்தவை அவை. கணக்குப் போட்டதில் உயரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் என்று வந்தது.