பெயர் மாறும் முன் வரைந்த படம்

எங்கள் பிக்கட்டியில் இன்றைக்கும் காலையிலிருந்து மேகம் இறங்கித்தான் கிடக்கிறது. இந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்து, கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய போட்டோக்களைச் சரிசெய்து ஃபிரேம் போடுவது என் பிழைப்பு. இன்று சொல்லப்போவது போட்டோ காலத்துக்கும் முந்திய ஓர் அண்ணன் தங்கை படம்.

1805-ஆம் ஆண்டு, சென்னப்பட்டணம். வரைந்தவர் ஜார்ஜ் சின்னரி என்ற ஆங்கிலேயர். பிள்ளைகள், நாலு வயது சாஹிப் ஆலமும் மூன்று வயது சாஹிப் பேகமும். அப்பா ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக், ஹைதராபாத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்ட், அதாவது தூதர். அம்மா கைருன்னிஸா, அந்த ஊர்ப் பெரிய இடத்துப் பெண். பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்புவதாக முடிவாகிவிட்டது. கப்பலேறும் முன் எழுதிய படம் இது.

வானொலியில் படம் காட்ட முடியாது, மனசில் வரைந்துகொள்ளுங்கள். ஹைதராபாத் அரண்மனை உடுப்பில் இரண்டு பேரும் படிக்கட்டின் மேல் நிற்கிறார்கள். சிவப்பு அங்கி, ஜரிகைத் தொப்பி, முத்து மாலை. பையன் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறான், சின்ன நவாப் மாதிரி. தங்கச்சி தலை குனிந்திருக்கிறாள். அழுது ஓய்ந்த கண்.

இந்தக் கண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவரின் வீட்டுப் படம் ஒருமுறை வேலைக்கு வந்தது. மூன்று பிள்ளைகள், கடைசிப் பெண் முகம் அழுமூஞ்சி. "கம்ப்யூட்டரில் சிரிக்க வைத்துவிடுங்கள் அண்ணா" என்றான் பேரன். வைத்தேன். பாட்டி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது என் தங்கச்சி இல்லையே!" அன்றிலிருந்து கிழிசலை ஒட்டுவேன், முகத்தைத் தொட மாட்டேன். சின்னரியும் தொடவில்லை, பாருங்கள்.

மிச்சக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். கப்பல் போன சில வாரத்தில் அப்பா கல்கத்தாவில் இறந்தார். பிள்ளைகள் சீமையில் ஞானஸ்நானம் பெற்று வில்லியம், கேத்தரின் ஆனார்கள். அம்மா அவர்களை மறுபடி பார்க்காமலே 1813-இல் கண்ணை மூடினார். படம் கைமாறி, அப்பாவுக்கு உதவியாளராக இருந்த ஹென்றி ரஸ்ஸலின் இங்கிலாந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வருஷங்கள் கழித்து அங்கே போன கேத்தரின், சுவரில் தன்னையே கண்டு அழுதுவிட்டார். பிற்பாடு ரஸ்ஸல் அந்தப் படத்தை அவருக்கே எழுதிவைத்தார்.

நேரம் முடியப்போகிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கும். வெயிலும் ஈரச் சுவரும் படாத இடத்தில் வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் பென்சிலால், அழுத்தாமல், பெயர்களை எழுதுங்கள். பள்ளிக்கூடப் பெயர் மட்டும் போதாது, வீட்டில் கூப்பிட்ட பெயரும் வேண்டும்.