எது ஒழுக்கம்? எது நல்வாழ்வு?

(ஆரணியில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச வேண்டுமென்று கொடுக்கப்பட்ட விஷயம் ஒழுக்கமும் நல்வாழ்வும் என்பதாகும். இது படித்தவர்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசிக்கொள்ள வேண்டிய விஷயம், ஏர் பிடிக்கிறவனுக்கும் கும்மிடிப்பூண்டி ஆலைக்கு விடியற்காலையில் ஓடுகிறவனுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. கூலி கொடுக்கும் இடத்திலும், தராசு பிடிக்கும் இடத்திலும், வீட்டில் பெண்சாதியிடம் பேசும் இடத்திலும் இருக்கிற கேள்வி இது ஒன்றுதான். ஆகவே சற்றுப் பொறுமையாய்க் கேட்டு, சரி என்று பட்டதை எடுத்துக்கொண்டு, படாததைத் தள்ளிவிடும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

முதலாவது, இன்னது நல்லது, இன்னது கெட்டது என்பதை நாம் எங்கிருந்து தெரிந்துகொள்ளுகிறோம்? கடவுள் சொன்னார், சாஸ்திரம் சொல்லுகிறது, பெரியவர்கள் அப்படித்தான் நடந்தார்கள் என்று மூன்று பதில்கள் வழக்கமாய்ச் சொல்லப்படுகின்றன. சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்பே கிரேக்க தேசத்தில் சாக்ரடீஸ் இதன்மேல் ஒரு கேள்வி போட்டதாக அவருடைய மாணாக்கர் பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். அதாவது, ஒரு காரியம் தெய்வங்களுக்குப் பிடித்திருப்பதால் நல்லதாகிறதா, அல்லது நல்லதாயிருப்பதால் தெய்வங்களுக்குப் பிடிக்கிறதா என்பதே. முன்னதுதான் என்றால், தெய்வத்துக்கு நாளைக்கு மனம் மாறினால் கொலையும் நல்லதாகிவிடும். பின்னதுதான் என்றால், நல்லது எது என்பதற்குத் தெய்வத்துக்கு வெளியே ஒரு காரணம் இருக்கிறது. அதை மனிதனே தன் புத்தியைக் கொண்டு தேடிக்கொள்ளலாம். நம் நாட்டிலும் புத்தர், காலாமர் என்ற கூட்டத்தார் எவர் பேச்சை நம்புவது என்று கேட்டபோது, பரம்பரை என்றோ, நூலில் இருக்கிறது என்றோ, குரு சொன்னார் என்றோ ஒன்றை ஏற்க வேண்டாம், அதனால் விளைவது கெடுதியா நன்மையா என்று நீங்களே அறிந்து நடவுங்கள் என்று சொன்னதாகப் பௌத்த நூல்களில் காணப்படுகிறது.

நிற்க, பாவம் புண்ணியம் என்ற கணக்கையும் பார்ப்போம். நரகத்துக்குப் பயந்து திருடாமலிருப்பவன், போலீஸ்காரன் நிற்கிறான் என்று திருடாமலிருப்பவனைவிட எந்த விதத்தில் உயர்ந்தவன்? போலீஸ்காரன் மறைந்தால் அவன் கை நீளும். பரிகாரம் உண்டு என்றால் இவன் கை நீளும். ஆடி மாதத்தில் நம் பக்கத்துப் பெரியபாளையத்துக்கு வண்டி வண்டியாய் ஜனங்கள் வந்து, வேப்பிலை ஆடை கட்டிப் பிரார்த்தனை செலுத்துகிறார்கள். அவர்கள் யாருக்கும் கெடுதி செய்துவிடவில்லை. ஆனால் ஒருவன் தன் ஆளுக்குக் கொடுக்க வேண்டிய ஆறு மாதக் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு பிரார்த்தனை செலுத்துவானானால், அந்தக் கூலிப் பாக்கி அதனால் ஒரு பைசாவாவது குறையுமா? குறையாது. கெடுதி செய்யப்பட்டது மனிதனுக்கு. ஆகவே கணக்குத் தீர்க்க வேண்டியதும் மனிதனிடந்தான்.

அப்படியானால் அளவுகோல் எது? இதற்கும் யோசித்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் கான்ட் என்பவர் 1785-ல் வெளியிட்ட நூலில், எந்த மனிதனையும் வெறும் கருவியாக மட்டும் உபயோகிக்காதே என்றார். இங்கிலாந்தில் பெந்தாம் என்பவர் 1789-ல் வெளியிட்ட நூலில், காரியத்தை அதனால் விளையும் இன்ப துன்பத்தைக் கொண்டே நிறுக்க வேண்டும் என்றார். நம் வள்ளுவரோ வாய்மை எது என்று சொல்ல வந்த இடத்தில், பிறருக்குத் தீங்கில்லாத சொல்லே வாய்மை என்று முடித்துவிட்டார். இம்மூவரும் வெவ்வேறு வழியில் போனாலும், ஒழுக்கம் என்பது மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள சங்கதி என்பதில் ஒன்றுபடுகிறார்கள். நாம் இதை இன்னும் எளிதாய்ச் சொல்லுவோம். ஒரு விதியைக் காட்டி இதுதான் ஒழுக்கம் என்று எவனாவது சொன்னால் அவனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த விதி எதற்காக ஏற்பட்டது? இது இருவரையும் கட்டுகிறதா, ஒருவனை மட்டும் கட்டுகிறதா? ஒருவனை மட்டும் கட்டுவதற்கு ஒழுக்கம் என்று பெயரில்லை. கயிறு என்றுதான் பெயர்.

இதற்கு வெகு தூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. வாங்கின கடனைத் திருப்பிக் கொடுப்பது நாணயம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளுகிறோம். இப்போது ஒரு செங்கற்சூளையைப் பாருங்கள். ஒரு குடும்பம் கலியாணத்துக்கோ வைத்தியத்துக்கோ 30,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுவோம். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது. வாரச் சாப்பாட்டுக்குக் கொடுத்தது கழிக்கப்படுகிறது. மழையில் கரைந்த கல்லுக்குக் கூலியில்லை. கணக்கு நோட்டு முதலாளி கையில் இருக்கிறது. பருவம் முடிந்து பார்த்தால், புருஷன், பெண்சாதி, பிள்ளைகள் எல்லோரும் மண் மிதித்தும் கடன் நின்றபடியே நிற்கிறது. "பாக்கியைக் கட்டிவிட்டுப் போ" என்கிறான் முதலாளி. தொழிலாளியும், "கை நீட்டி வாங்கிவிட்டோம், ஓடிப்போவது யோக்கியதையாகுமா?" என்று தங்கிவிடுகிறான். இங்கே அவன் காலில் பூட்டியிருக்கும் விலங்கு அவனுடைய நாணயமேயாகும்! கணக்கைத் தன்னிஷ்டப்படி எழுதுகிறவன் நாணயத்தைப் பற்றி உபதேசம் செய்கிறான். எழுத்தறியாதவன் அந்த உபதேசத்தைக் காப்பாற்றுகிறான்.

இந்த நிலைமையைத்தான் நம் நாட்டுச் சட்டம் கொத்தடிமை முறை என்கிறது. 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி அப்படிப்பட்ட கடன் அடியோடு ரத்தாகிவிட்டது. அதை வசூலிக்க எவனுக்கும் உரிமையில்லை. கொத்தடிமை வேலை வாங்குகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. "கடனைக் கொடுக்க வேண்டாமென்று சட்டமே சொல்லலாமா, இது ஒழுக்கக் கேடல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். சமமானவர்கள் இருவர் மனமொத்துக் கொடுத்து வாங்கின கடனைத் தீர்த்தே ஆகவேண்டும். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேறிடம் போகவும், வேறு வேலை பார்க்கவும் மனிதனுக்குள்ள சுதந்திரத்தையே ஈடாகப் பிடித்துக்கொள்ளும் கடன், கடனல்ல. மனிதனை விலைக்கு வாங்கின கிரயப் பத்திரமாகும்.

"அவனாகத்தானே வந்தான், நாம் கையைப் பிடித்தா இழுத்தோம்?" என்பது அடுத்த கேள்வி. இதற்கு டில்லியில் ஆசிய விளையாட்டுக் கட்டட வேலைத் தொழிலாளர்களைப் பற்றிய வழக்கில் 1982-ல் சுப்ரீம் கோர்ட்டே பதில் சொல்லியிருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவன் வேலை செய்தால் அது கட்டாய வேலைதான், பசியும் வறுமையும்கூட ஒரு நிர்ப்பந்தந்தான் என்பது அதன் கருத்து. வயிறு காய்ந்தவன் ஆட்டும் தலை சம்மதத்துக்கு அடையாளமாகாது.

இது நம் ஜில்லாவுக்குப் புதிதுமல்ல. அடிமையை எவன் சொத்தாகவும் கோர்ட்டு ஒப்புக்கொள்ளக்கூடாது என்று இந்தியாவில் 1843-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் இந்தப் பகுதி செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்ந்திருந்த காலத்தில், அதன் கலெக்டரான டிரெமன்ஹீர் என்பவர் தீண்டப்படாதவர்களென்று ஒதுக்கப்பட்ட மக்களின் நிலைமையைப் பற்றி 1891-ல் ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், பண்ணையை விட்டு நகர முடியாமல் அவர்கள் கிடந்ததை அதில் எடுத்துக் காட்டினார். அதன் பேரில் 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்குவதற்குச் சர்க்கார் உத்தரவு பிறந்தது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு கட்டாய வேலையைத் தடுத்தது. 1976-ல் மேலே சொன்ன சட்டம் வந்தது. இத்தனைக்குப் பிறகும், 2000-க்குப் பின்னால்கூட, நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் கொத்தடிமைகளை அதிகாரிகள் பலதடவை மீட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒரிசாவிலிருந்து பிழைக்க வந்தவர்களும் உண்டு. சட்டம் இருந்தும் இது ஏன் நடந்தது? சூளைக்குப் பக்கத்தில் ஊர் இருந்தது. ஊரில் கோவிலும் கடையும் பள்ளிக்கூடமும் இருந்தன. "நமக்கென்ன" என்று போகிற நல்லவர்களும் இருந்தார்கள். அதனால்தான் நடந்தது.

இனி நல்வாழ்வு என்பதற்கு வருவோம். இதைப் பற்றிப் பெரிய நூல் செய்தவர் அரிஸ்டாட்டில். நல்வாழ்வு என்பது காசு சேர்ப்பதல்ல, மனிதன் தன் சக்திகளை நல்ல முறையில் பயன்படுத்தி வாழ்வது என்றார். அருமையான பேச்சு. ஆனால் அதே அரிஸ்டாட்டில், சிலர் பிறவியிலேயே அடிமைகளாயிருக்கத் தக்கவர்கள் என்றும் எழுதினார்! ஒருவன் நல்வாழ்வு வாழ இன்னொருவன் அவனுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும் என்பது அவருக்குத் தப்பாகப் படவில்லை. அவருக்குப் பின் வந்த எபிகூரஸ் என்பவர் பெண்களையும் அடிமைகளையும்கூடத் தமது தோட்டத்துப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்; தெய்வத்துக்கும் சாவுக்கும் பயப்படாமல், எளிமையாக, நண்பர்களோடு வாழ்வதே இன்பம் என்றார். இவ்விருவரில் படிப்பில் யார் பெரியவர் என்பது நமக்குக் கவலையில்லை. யாருடைய நல்வாழ்வில் அதிகம் பேருக்கு இடமிருந்தது என்பதே கேள்வி.

ஆகவே நல்வாழ்வு என்பதற்கு நாம் சொல்லும் அர்த்தம் இதுதான். வயிறார உணவு, மானத்தோடு பிழைப்பு, அறிவுக்குத் தடையில்லாமை, நேசிக்க மனிதர்கள் ஆகிய இவை வேண்டும். ஆனால் இவற்றை இன்னொருவன் தலைமேல் ஏறி நின்று பறிக்கக்கூடாது. அடுத்தவனைத் தாழ்த்தித்தான் நம் வாழ்வு உயர்கிறதென்றால், அது எவ்வளவு சுகமாயிருந்தாலும் நல்வாழ்வாகாது.

தோழர்களே! கேட்டுவிட்டுக் கலைந்து போவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. உங்களில் கூலி கொடுக்கிறவர்கள் கணக்கைத் தொழிலாளி முன்னால் எழுதி, அவன் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள். கூலி வாங்குகிறவர்கள் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஊர் எல்லையில் சூளையிலோ ஆலையிலோ வெளியே போக விடாமல் ஆட்களை வைத்திருப்பதாகத் தெரிந்தால், கலெக்டருக்கு ஒரு கடுதாசி எழுதிப் போடுங்கள். கொத்தடிமையை மீட்கும் பொறுப்பைச் சட்டம் அவரிடம் கொடுத்திருக்கிறது. பாஷை தெரியாத பிள்ளை ஒன்று பள்ளிக்கூடம் போகாமல் கல் சுமந்தால், யார் வீட்டுப் பிள்ளையோ என்று போகாமல் நின்று கேளுங்கள்.

மோட்சம் உண்டா இல்லையா என்ற வழக்கு தீருகிறபோது தீரட்டும். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கு அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லி, இதை முடித்துக்கொள்ளுகிறோம்.