கேப்டன் ட்ரைப் பார்த்த மதுரை

விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போகாத மதுரைக்காரர் இருக்க மாட்டார். கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுந்த தூண் அது. 1858-இல் அதைப் படமெடுத்தவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். 'பழைய மதுரை' என்று இன்று கைப்பேசிகளில் சுற்றிவரும் படங்களில் சில அவர் எடுத்தவை. ஊர் அன்று எப்படி இருந்தது என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எடுத்தவரின் கலையையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இங்கிலாந்தில் டெவன்போர்ட்டில் 1822-இல் பிறந்த ட்ரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1855-இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று படமெடுத்தார். அடுத்த ஆண்டே சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரானார்.

அவர் கையாண்டது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். அகலம் சுமார் 12 அங்குலம், நீளம் 15. நெகட்டிவ் எவ்வளவோ படமும் அவ்வளவே என்பதால் கேமராவும் பெரிய மரப்பெட்டி. அந்தக் காலத்து ரசாயனத்தில் நீல வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அதனால் சில நெகட்டிவ்களில் தூரிகையால் தீட்டி மேகங்களை வரவழைத்தார். அது பொய்யில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கண் பார்த்ததைக் காகிதம் வாங்க மறுத்தபோது கை உதவிக்கு வந்தது. நான் ட்ரைப் பக்கம்தான்.

அவருடைய மதுரைப் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது புதுமண்டபத்தின் தென்புறத் தாழ்வாரம். தையற்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் அடைத்துக் கிடந்த புதுமண்டபம்தான் நம்மில் பலருக்குப் பழக்கம். இந்தப் படத்தில் அது காலியாக இருக்கிறது. மேற்கு முகப்பிலிருந்து பார்க்கிறார். தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகின்றன. பக்கவாட்டில் வரும் வெளிச்சம் கல்லின் ஒவ்வொரு மடிப்பிலும் தங்கித் தங்கிப் போகிறது. நிழலை அவர் முழுக் கறுப்பாக விடவில்லை. இருட்டுக்குள்ளும் செதுக்கு வேலை தெரிகிறது. எந்தச் சிலையையும் தனித்து எடுத்துக் காட்டாமல் மண்டபத்தின் நடையைக் காட்டிவிட்டார். எங்கே நிற்பது, எந்த நேரத்து வெயிலுக்குக் காத்திருப்பது என்பதில்தான் அவர் திறமை இருக்கிறது.

திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். கவர்னர் நேப்பியர் காலத்துப் பழுதுபார்ப்புக்கு முந்தைய மகால் அது; சிதைவை மறைக்காமல், அதன் கம்பீரத்தையும் குறைக்காமல் எடுத்திருக்கிறார்.

குறை ஒன்று உண்டு. படம் பதிய நெடுநேரம் வேண்டும். நடமாடுகிறவர் அதில் விழமாட்டார். அதனால் திருவிழாக் கூட்டத்துக்குப் பேர்போன ஊர் அவர் படங்களில் ஆளரவமற்றுக் கிடக்கிறது. கல்லை அவ்வளவு நேசித்தவர் அதைச் சுற்றி வாழ்ந்த சனங்களை விட்டுவிட்டாரே என்ற ஏக்கம் எனக்குத் தீரவில்லை.

1859-இல் கவர்னராக வந்த ட்ரெவெல்யன், நிதி நெருக்கடியில் அரசுப் புகைப்பட வேலை ஆடம்பரம் என்று அதை நிறுத்தினார். அதன்பின் 1902-இல் இறக்கும்வரை ட்ரைப் பெரிதாக எதுவும் எடுக்கவில்லை. 2014, 2015-இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களின் பெரிய அருங்காட்சியகங்கள் அவருக்குக் கண்காட்சி நடத்தின. மதுரைப் படங்களை மதுரையில் வைக்க மகாலைவிடப் பொருத்தமான இடம் ஏது? பொறுப்பில் உள்ளவர்கள் அதற்கு முன்வர வேண்டும் என்று இந்த உரை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.