முதன்முறை இரத்தம் கொடுக்கும் பிள்ளைக்கு



17 வயதான மகள் வந்து, "அம்மா, நான் இரத்தம் குடுக்கப் போறன்" என்றால், எங்கள் வீடுகளில் வருகிற முதல் பதில் "உன்ர உடம்பில எங்க பிள்ளை இரத்தம் கிடக்கு?" என்பதுதான். அதை நீங்கள் கண்ணால் அளக்கத் தேவையில்லை. 1998 இலிருந்து இந்தப் பணியைச் செய்துவரும் கனேடியன் பிளட் சேர்விசஸ் விரல் நுனியில் குத்தி ஈமோகுளோபின் பார்த்த பிறகுதான் எடுக்கும். பெண்களுக்கு 125, ஆண்களுக்கு 130 இற்குக் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இளவயதினருக்கு உயரம், நிறையும் பார்ப்பார்கள். எடுப்பது சுமார் 450 மில்லிலீற்றர். சின்ன உடம்புக்கு அது பெரிய பங்கு அல்லவா?

ஆனால் மயக்கத்தைப் பற்றிய பயம் வீண் பயமல்ல. பெரும்பாலானோருக்கு ஒன்றும் வராது. வந்தால், அது முதன்முறை கொடுப்பவர்களுக்கும் இளையவர்களுக்கும்தான் கூட வரும். பதற்றத்தில் வேகஸ் என்ற நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்பு குறைகிறது, இரத்தக்குழாய்கள் விரிகின்றன, இரத்தம் கால்களில் தங்க, மூளைக்குப் போவது குறைகிறது. துணிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. செல்லடிக்குள்ளால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவரும் ஊசியைக் கண்டு மயங்கலாம். இரத்தத்தைக் கண்டாலே பழைய நினைவுகள் வருமென்றால், அதைத் தாதியிடம் முதலே சொல்லுங்கள். படுக்க வைத்து எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். பையைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பியிருங்கள்.

விரத நாளில் போகவேண்டாம். இரவு வேலை முடிந்து நித்திரையில்லாமலும் வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டு, உப்புள்ள ஏதாவது கொறித்து, போகுமுன் அரை லீற்றர் தண்ணீர் குடியுங்கள். தேத்தண்ணீர் அதற்கு ஈடாகாது.

இன்னொரு வழி, தசைகளை இறுக்குவது. 1987 இல் சுவீடனைச் சேர்ந்த ஒஸ்ற் என்ற உளவியலாளரும் அவருடைய சகாவும் இரத்தத்தைக் கண்டு மயங்குவோருக்காக எழுதி வெளியிட்ட முறை இது. கதிரையில் இருந்தபடி தொடை, வயிறு, பிட்டத் தசைகளை ஐந்து வினாடி இறுக்கி, ஐந்து வினாடி தளர்த்துங்கள். ஊசி ஏற்றிய கையை மட்டும் விட்டுவிடுங்கள். மூச்சை அடக்கக்கூடாது. கால்களில் தேங்குகிற இரத்தத்தை இது மேலே தள்ளும். எழும்பப் போகும்போதும் செய்யவேண்டும்; பலர் மயங்குவது எழும்புகிற அந்த நேரத்தில்தான்.

வியர்த்து, காது அடைத்து, கண் இருண்டால் உடனே சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் வெட்கத்தில் வோஷ்றூமுக்குள் ஒளித்துக்கொள்வார்கள். அதுதான் ஆபத்து: மூடிய கதவுக்குள் விழுந்து தலை அடிபட்டால் ஆருக்குத் தெரியும்? இருந்த இடத்திலேயே படுத்துக் கால்களை உயர்த்துங்கள்.

முடிந்ததும் ஜூஸ் குடித்து, பத்துப் பதினைந்து நிமிடமாவது இருந்துவிட்டு வாருங்கள். சிலருக்கு மணித்தியாலங்கள் கழித்தும் மயக்கம் வரும். அன்று பாரம் தூக்கவோ, சுடுதண்ணீரில் நீண்டநேரம் குளிக்கவோ வேண்டாம். முதல் தடவை தாயோ தகப்பனோ காரோட்டிக் கூட்டிவந்தால் நல்லது.

முன்பு மலேரியா வந்தவர்களும், அண்மையில் இந்தியாவுக்குப் போய் வந்தவர்களும் புறப்பட முதல் 1-888-236-6283 இல் கேட்டுக்கொள்ளுங்கள்.