தொழிலைக் கண்டு தெளிதல்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியிறுதித் தேர்வின் முடிவு வெளியாகும் வேனிற் காலத்தில் எம்மை நாடி வரும் பெற்றோர் யாவரும் ஒரே வினாவை வினவுகின்றனர்: "ஐயா, பையனை எதில் சேர்க்கலாம்?" எக்கல்லூரி, எப்பட்டம், எவ்வளவு பணம் என்பன அதன்பின் வரும். பையன் எத்தொழிலைத் தன் கண்ணாற் கண்டிருக்கின்றான் என்று யாம் திருப்பிக் கேட்டால் மட்டும் விடை வருவதில்லை. சிவகாசியிற் பிறந்து அச்சகத்தின் ஓசையிலே உறங்கிப் பழகிய பிள்ளை, அவ்வச்சகத்தினுள் ஒரு நாளும் அடி வைத்திரான். இராசபாளையத்துக்கு அணித்தாகிய சத்திரப்பட்டியில் வளர்ந்த பெண், தன் தெருவில் நெய்யப்படும் கட்டுத்துணி எவ்வாறு வெளுக்கப்பட்டு மருத்துவமனைக்குச் செல்கின்றதென அறியாள். இக்குறையைப் பற்றியே இன்று சில கூற விழைகின்றோம்.

நம்மவர், "வேலை கிடைத்ததா?" என்று கேட்பரேயன்றித் "தொழில் தெரிந்ததா?" என்று கேட்பதில்லை. கிடைப்பது பிறர் கையில் உள்ளது. தெரிவது நம் கையில் உள்ளது. தமிழாசிரியனுக்குச் சொல்லாராய்ச்சியே வேலை என்று நகைப்போர் நகைக்க. ஆயினும் இவ்விரு சொற்களின் வேற்றுமையில் நம் இல்லங்கள் பலவற்றின் கடன் அடங்கியிருக்கின்றது.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்ட வரலாற்றை இவ்வவையில் அறியாதார் இலர். மேடைதோறும் அதனைப் புகழ்கின்றோம். ஆயின் அவர்கள் செய்தது யாதென ஊன்றி நோக்குவார் சிலரே. அவர்கள் பட்டம் பெறச் சென்றாரல்லர். தொழில் நடக்கும் இடத்துக்கே சென்று அதனைக் கற்றனர். மீண்டு வந்து, மழை குன்றிய நம் ஊரில் அதனை நிறுவினர். பயிருக்குப் பகையாகிய வறண்ட காற்று, தீக்குச்சி உலர்வதற்கு நட்பாயிற்று. அணில் என்றும் காகம் என்றும் முத்திரை பொறித்த சீட்டு ஒவ்வொரு பெட்டிக்கும் வேண்டியிருந்தது. அச்சீட்டை வண்ணத்தில் அடிக்க அச்சுப்பொறி வந்தது. பொறி வந்தபின் நாட்காட்டி, வாழ்த்துமடல், பள்ளிக் குறிப்பேடு, பண்டங்களை அடைக்கும் அட்டைப்பெட்டி என அது பெருகிற்று. ஒரு தொழிலைக் கண்டு வந்ததனால் மற்றொரு தொழில் கிளைத்த இவ்வியல்பு எந்நூலிற் படித்தாலும் விளங்காது. நேரிற் கண்டால் ஒரு பொழுதில் விளங்கும்.

இன்று ஆப்செட் அச்சகம் ஒன்றினுள் புகுவார் காண்பது யாது? படத்தை அமைப்போர், தகடு ஆக்குவோர், நீலம், செந்நீலம், மஞ்சள், கருப்பு என்னும் நான்கு மையும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாது விழுமாறு பொறியை ஓட்டுவோர், தாள் வெட்டுவோர், கட்டடம் செய்வோர், கணக்கும் விலைமதிப்பும் எழுதுவோர், பழுது பார்ப்போர் எனப் பல திறத்தார் அங்கு உளர். வண்ணத்தின் நுண்ணிய வேறுபாட்டைக் கண்ணால் அளக்க வல்ல பொறியோட்டி, ஆண்டுக்கணக்கிற் பழகித் தேர்ந்தவன். "அச்சகத்தில் கூலி வேலை" என்று ஒரு சொல்லால் அவ்வனைவரையும் நாம் தள்ளிவிடுகின்றோம். பொறியியற் பட்டம் பெற்றுச் சென்னையிலும் பெங்களூரிலும் அறை எடுத்துத் தங்கி, படித்ததற்குத் தொடர்பற்ற பணியில் அமர்ந்து, தந்தை வாங்கிய கடனுக்கு வட்டி அனுப்பும் மாணாக்கரை யாம் அறிவோம். அவர்கள் வெளியூர் சென்றது பிழையன்று. உள்ளூரில் யாது உளதென அறியாமலே சென்றதுதான் எம் வருத்தம்.

உள்ளூர்த் தொழில் யாவும் நன்று என்று கூற யாம் இங்கு வரவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசுச் சாலையில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் மாய்ந்ததை எவ்வாறு மறப்பது? சிறாரைத் தீப்பெட்டிச் சாலைகளில் அமர்த்திய பழி நம் வட்டாரத்தின்மேல் நெடுநாள் நின்றது. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் அதன்பொருட்டு எழுந்தவையே. இவற்றை மறைத்து இளைஞரை அழைப்பது அறமாகாது. பட்டாசுத் தொழிலும் இன்று பழைய நிலையில் இல்லை. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் புகை குறைந்த பட்டாசுகளையே செய்ய வேண்டும் என்று விதித்தது. அதன்பின் மருந்தின் கலவையே மாறிற்று. இனி அத்தொழிலுக்கு மிக வேண்டப்படுபவர் வேதியியல் கற்றாரும் பாதுகாப்பு முறை அறிந்தாரும் ஆவர். இதனை நம் கல்லூரி மாணாக்கருக்கு எடுத்துரைப்பார் யார்?

சாத்தூரையும் நினைமின். எழுதுகோல் முள் செய்வதிற் பெயர்பெற்ற ஊர் அது. பந்துமுனைப் பேனா வந்தபின் அத்தொழில் தேய்ந்தது. ஆதலின் ஒரு தொழிலைக் காணச் செல்லும் பிள்ளை, இது பத்தாண்டு கழித்து இருக்குமா என்றும் கேட்டு வருதல் வேண்டும். அதே சாத்தூர் வட்டத்துக் குமாரலிங்கபுரத்தில் பெரிய ஆடைப் பூங்கா ஒன்று அமையும் என 2023 மார்ச்சில் நடுவணரசு அறிவித்தது. அதற்கு எத்திறத்தார் வேண்டும் என இப்பொழுதே உசாவி அறிவது சங்கத்தார் கடன்.

செய்யத்தக்கதை இனிக் கூறுகின்றோம். சங்கம் ஆண்டுதோறும் உயர்கல்விக்கு உதவித்தொகை வழங்குகின்றது. அது நிற்க வேண்டா. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்வாரைச் சனிக்கிழமைகளில் அச்சகத்துக்கும் நூற்பாலைக்கும் உணவுப்பண்டம் செய்யும் இடத்துக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். பட்டாசுச் சாலைக்கு அழைத்துச் செல்லலாகாது. அத்தொழிலில் தேர்ந்த போர்மேன் ஒருவர் பள்ளிக்கு வந்து உரைக்கட்டும். காண்பது வேறு, வேலை வாங்குவது வேறு. காணவந்த பிள்ளையின் கையில் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து அடுக்கச் சொல்வாரும் உளர் ஆதலின் இதனை வெளிப்படையாகவே கூறுகின்றோம். பள்ளி முடித்தார்க்கு 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி ஊதியத்தோடு பழகும் வழி உண்டு. நம் முதலாளிமார் அதனை ஏட்டளவில் வையாது நடைமுறைக்குக் கொணர வேண்டும்.

பெண்மக்களை விலக்கலாகாது. ஒட்டுதற்கும் மடித்தற்கும் பெண்களை அமர்த்துகின்றோம். தகடு ஆக்கவும் பொறி ஓட்டவும் கணக்கு ஆளவும் கற்பிக்க ஏன் தயங்குகின்றோம்? பிற குலத்துப் பிள்ளைகளையும் விலக்கலாகாது. 1880-களில் மகமைப் பணங்கொண்டு விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையை எழுப்பிய முன்னோர், அதன் கதவை எல்லார்க்கும் திறந்தே வைத்தனர்.

செல்லும் பிள்ளை ஒவ்வொருவரும் நான்கு வினாக்களுக்கு விடை எழுதி வருக: இத்தொழிலை எவ்வளவு காலத்திற் கற்கலாம்? தொடக்கத்தில் ஊதியம் யாது, ஐந்தாண்டின்பின் யாது? உடலுக்கு வரும் தீங்கு என்ன, அதற்குக் காப்பு என்ன? தனித்துத் தொடங்க எவ்வளவு முதல் வேண்டும்? ஊதியத்தைக் கூற முதலாளிமார் நாணுவராயின் தொழிலாளரையே கேட்கலாம். அவர் மெய்யே கூறுவர்.

செயலாளர் மேசைமேல் ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றோம். தம் தொழிற்சாலையைக் காட்ட இசைவோர் இடப்பக்கத்தும், பிள்ளைகளை அனுப்ப இசையும் பெற்றோர் வலப்பக்கத்தும் பெயர் எழுதுக. பள்ளி திறந்த மூன்றாவது சனிக்கிழமை முதற்குழு புறப்படும்.