தார் வீதியில் இருசில்லு உழவு இயந்திரம்



வயலிலே சொற்கேட்டு நடக்கும் இருசில்லு உழவு இயந்திரம், பெட்டியைப் பூட்டித் தார் வீதியில் ஏறியதும் முரண்டு பிடிப்பதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். இதனைப் பழுதென்று கருதிப் பட்டறைக்குக் கொண்டு செல்வோரும் உளர். பெரும்பாலும் அது பழுதன்று. வன்தரையின் இயல்பே காரணமாகும்.

நாலுசில்லு இயந்திரத்தில், வளைவிலே ஒரு சில்லு மற்றதிலும் விரைவாகச் சுழல இடங்கொடுக்கும் பற்சில்லுத் தொகுதி உண்டு. இருசில்லு இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. சேற்றிலே மண் நெகிழ்ந்து கொடுப்பதால் இக்குறை தோன்றுவதில்லை. தாரிலும் கொங்கிறீற்றிலும் ரயரே தேய்ந்து கொடுக்க வேண்டியதாகிறது. ஆதலின் இரு ரயர்களிலும் காற்று சமமாயிருத்தல் வேண்டும். காற்றுக் குறைந்த சில்லு ஒரு சுற்றிற் கடக்கும் தூரமும் குறைவு. இயந்திரம் அப்பக்கமே இழுக்கும். ஒரு ரயர் புதிதும் மற்றது தேய்ந்ததுமாயின் அதே விளைவுதான்.

பெட்டியில் ஏற்றும் நெல் மூடைகளின் பாரம் அச்சுக்குச் சற்று முன்னே விழுதல் நன்று. பின்னே மிகுந்தால் கொளுவி மேலெழும்பும். இயந்திரத்தின் சில்லுகள் வீதியைப் பற்றமாட்டா.

இனி, உயிருக்கே ஆபத்தான விடயத்துக்கு வருவோம். கைபிடியின் இருபுறமும் உள்ள திருப்புங் கிளச்சுகளை நீங்கள் அறிவீர்கள். சமதரையில் இடப்பிடியை அழுத்தினால் இடச்சில்லுக்குச் செல்லும் இழுவை அறும். வலச்சில்லு தொடர்ந்து தள்ள, இயந்திரம் இடப்புறம் திரும்பும். குளக்கட்டிலிருந்தோ பாலத்திலிருந்தோ பாரத்துடன் இறங்கும்போது நிலைமை தலைகீழாகும். அங்கே என்ஜின் இழுப்பதில்லை. பாரம் பின்னிருந்து தள்ள, என்ஜின் இரு சில்லுகளையும் தடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவ்வேளை இடப்பிடியை அழுத்தினால் இடச்சில்லின் தடை நீங்கி அது விரைந்தோடும். வலச்சில்லோ தடையுண்டு நிற்கும். இயந்திரம் வலப்புறம் பாயும். எதிரே பஸ் வருகிறதென்று ஒதுங்க முயன்றவர் அந்த பஸ்ஸின் முன்னேயே போய்விட நேரும். பதற்றத்தில் இன்னும் இறுக அழுத்துவது மனித இயல்பு. அது கேட்டை மேலும் வளர்க்கும். சமதரையிலும், பாரத்தோடு விரைந்து சென்று எண்ணெயைத் திடீரெனக் குறைத்தால் இதுவே நிகழக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

ஆகவே இறக்கத்தின் தலைப்பிலேயே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இறங்கும்போது திருப்புங் கிளச்சுகளைத் தொடாது, கைபிடியை உடல் வலுவினால் மெல்லத் திருப்பி, பெட்டியின் பிறேக்கைச் சிறிது சிறிதாக மிதித்து வேகத்தை அடக்குங்கள். பிரதான கிளச்சை விடுவித்து எண்ணெய் மிச்சம் பிடிக்க நினைப்பது பெருந்தவறு. பெட்டி பின்னாலிருந்து நெருக்கும்போது தடுப்பதற்கு என்ஜினும் துணை நில்லாது. பெட்டியின் பிறேக் பிடிக்காதாயின் அன்று பாரம் ஏற்ற வேண்டாம்.

இரு பிடிகளின் தளர்வும் ஒரேயளவாக உள்ளதா என்பதை வாரமொருமுறை சமதரையிற் சோதியுங்கள். ஒன்று பிந்திப் பிடிக்குமாயின் கம்பியை முறுக்கிச் சரிப்படுத்தலாம்.

புதிதாக ஓட்டப் பழகும் மகனையோ வேலையாளையோ அறுவடைக் காலத்தில், பாரம் ஏற்றிய பெட்டியுடன் வீதிக்கு அனுப்பாதீர்கள். முதலில் வெறும் பெட்டியுடன், ஆளரவமற்ற மெல்லிய சரிவொன்றில், மிகத் தாழ்ந்த கியரில் பழக்குங்கள். எப்பிடியை அழுத்தினால் எப்பக்கம் திரும்புகிறதென்பதை அவர் அங்கே தம் கண்ணாலேயே காணட்டும்.