இழந்து பிழைத்த கிருமி



மேனியில் தோன்றிய நோய் தீரவேண்டுமென்று பன்னெடுங்காலமாக மக்கள் இச்சங்கரன்கோவிலுக்கு வந்து, புற்று மண்ணைப் பிரசாதமாகப் பெற்று உடம்பில் பூசிக்கொண்டு, கோமதியம்மன் சந்நிதியில் நெஞ்சுருகி நின்று திரும்புகிறார்கள். சரும வியாதிகளுள் உலகமெல்லாம் மிக அஞ்சிய குஷ்டரோகத்தைப் பற்றிப் பேசுவதற்கு இதனினும் தக்க ஊர் எனக்குத் தோன்றவில்லை.

1873 ஆம் ஆண்டில் நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் கண்டறிந்த அந்நோய்க் கிருமியைச் சோதனைக்குழாயில் வளர்த்தெடுக்க இன்றளவும் எவராலும் இயலவில்லை. சுண்டெலியின் பாதத்திலும், ஆர்மடில்லோ என்னும் அமெரிக்க விலங்கின் உடலிலுமே அதை வளர்க்கிறார்கள். ஒன்று இரண்டாவதற்கே ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கிறது. 2001 இல் ஸ்டூவர்ட் கோல் என்னும் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்து வெளியிட்டார்களே, அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கிருமி நம் தமிழ்நாட்டிலிருந்து பெறப்பட்டு, 'டி.என்.' என்று நம் மாநிலத்தின் பெயரையே தாங்கி நிற்பது!

அவ்வாசிப்பில் வெளிப்பட்ட செய்தி விசித்திரமானது. நெருங்கிய பங்காளியாகிய க்ஷயரோகக் கிருமிக்குச் சுமார் 4,000 மரபணுக்கள் இருக்க, இதற்குச் செயல்படுபவை சுமார் 1,600 மட்டுமே. மேலும் 1,100க்கு மேற்பட்டவை, வாழ்ந்து கெட்ட ஜமீன் மாளிகையின் பூட்டிய அறைகளைப்போல, உருவம் மாத்திரம் எஞ்சிச் செயலற்றுக் கிடக்கின்றன. தனித்து வாழ்வதற்குரிய சக்திகளை ஒவ்வொன்றாக இழந்து, மனித உயிரணுவுக்குள் ஒதுங்கிப் பிழைக்கும் பரதந்திர நிலையை அடைந்த அக்கிருமி, தன் மேலுறையிலுள்ள ஒருவகைக் கொழுப்பின் துணையால் நரம்பைப் போர்த்திருக்கும் ஷ்வான் உயிரணுக்களைப் பற்றிக்கொள்கிறது. கையும் காலும் உணர்வற்றுப் போவது அதனாலேதான். கொடிய கிருமியென்றால் ஆயுதங்களைக் குவித்துக்கொண்டதாகத்தான் இருக்கவேண்டும் என்ற நம் எண்ணத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டுமா?

இதனினும் என் மனத்தை ஆட்கொண்டது 2013 இல் வெளியான ஓர் ஆராய்ச்சி. பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் ஆகிய நாடுகளின் இடைக்காலக் கல்லறைகளில் கிடைத்த எலும்புகளிலும் பற்களிலுமிருந்து அக்கிருமியின் மரபணுக்களை மீட்டு, இக்காலக் கிருமிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, பல நூற்றாண்டுகள் கடந்தும் அவற்றிடையே வேற்றுமை மிகச் சொற்பமாகவே காணப்பட்டது. ஆகவே ஐரோப்பாவில் அந்நோய் அருகியதற்குக் கிருமியின் வீரியம் குன்றியது காரணமன்று. மக்களின் எதிர்ப்புச் சக்தியிலோ வாழ்க்கை நிலையிலோ நேர்ந்த மாறுதலே காரணமாதல் வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் முடிவு கண்டார்கள். கிருமியை நுணுகி ஆராயப் புகுந்த சாஸ்திரமே இறுதியில் மனிதனை நோக்கிக் கை காட்டுகிறது என்பதை நீங்கள் கருதிப் பார்க்கவேண்டும்.

அம்மனிதனோ, அஞ்சி ஒதுக்குவதையே வைத்தியமாகக் கொண்டிருந்தான். நோயாளிகளைப் பிரித்து அடைத்துவைக்க நம் நாட்டில் 1898 இல் இயற்றப்பட்ட சட்டம் 2016 வரை ஏட்டில் இருந்தது. குஷ்டரோகத்தை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்ற விதிகள் 2019 இல்தான் நீங்கின. இந்தக் காலதாமதத்தை எண்ணுந்தோறும் எனக்கு வேதனையே மிகுகிறது.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் இந்நோய் இன்னும் புதிதாகக் கண்டறியப்படுகிறது. இந்நோய்க்குத் தரப்படும் ரிபாம்பிசின் மருந்துக்குக் கிருமி அடங்குமா என்று அறிய முற்காலத்தில் சுண்டெலியின் பாதத்தில் மாதக்கணக்காக வளர்த்துப் பார்க்கவேண்டியிருந்தது. இன்றோ, ஒரு மரபணுவில் ஓரெழுத்து பிறழ்ந்திருப்பதைத் தோலின் சிறு துணுக்கிலிருந்தே சில நாட்களில் படித்துவிடலாம். இன்று பட்டம் பெறும் உங்களுள் உயிரியல் கற்றவர்கள் அத்தகைய ஆராய்ச்சிக் கூடங்களுக்குச் செல்லுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மற்றவர்களில் பலர் ஆசிரியராகவோ அலுவலராகவோ இவ்வட்டாரத்துக் கிராமங்களிலேயே வாழப்போகிறீர்கள். தொட்டால் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமலொன்றை ஒரு குழந்தையின் முதுகிலோ ஒரு விவசாயியின் புஜத்திலோ காண்பீர்களாயின், அம்மன் சந்நிதிக்குப் போவதைத் தடுக்கவேண்டாம்; ஆனால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்கே கூட்டு மருந்து விலையின்றிக் கிடைக்கிறது. நோயின் நிலைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் குணமாகிறது. நரம்பு அழிந்தபின் சென்றால் கிருமி மடியும். ஆனால் விரல்கள் இழந்த உணர்ச்சி திரும்புவதில்லை.